இருநூற்றுப் பதினேழு இடங்களில் மாற்றப்பட்டது

செல்லியம்மாளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் கச்சிராயபாளையத்தில் அவளைப் பற்றி ஒரு பொய் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொய்க்கு உயிர் கொடுத்தவன் நான்தான். அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் கொடுத்த சான்றிதழை அப்பா லேமினேட் செய்து அய்யனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கரும்பு வெட்ட வருகிற ஆட்களைக்கூட உள்ளே கூப்பிட்டு, "எம் புள்ள கம்ப்யூட்டர்ல டிகிரி" என்று காட்டுவார். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

மறைத்தது வேறு. கல்லூரி ஆய்வகத்தில் நான்கு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். வேகமாகத் தட்டத் தெரிந்தவன் கீபோர்டில் உட்காருவான். நான் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வாசித்துச் சொல்கிறவன். மூன்று வருடமும் வாசித்தே கழித்தேன். இருபத்திரண்டு புரோகிராம்களைக் கமா, புள்ளியோடு தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். முதல் வகுப்பில் தேறினேன்.

கச்சிராயபாளையத்தில் ராஜாங்கம் அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், அதோடு கடைகளுக்கும் டிரஸ்டுகளுக்கும் சின்னச் சின்ன வெப் பக்கம் செய்து கொடுக்கும் சென்டர் அது. பக்கங்களை எழுத ஒரு எளிய எடிட்டர் வைத்திருந்தார்கள். மேலே மெனு வரிசை, நடுவில் வெள்ளைப் பரப்பு, இடது ஓரத்தில் சாம்பல் பட்டையில் வரி எண்கள். வரி எண்ணை அதுவாகவே போட்டுக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. ரெக்கார்டு நோட்டில் நாங்கள் ஒன்று, இரண்டு என்று கையால் எழுதித்தான் சாரிடம் கையெழுத்து வாங்குவோம். அதே பழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் எண்ணையும் சேர்த்துத் தட்டினேன். அறுபது வரி. பக்கத்தைத் திறந்தால் திரை முழுக்க எண்கள் சிதறிக் கிடந்தன.

பக்கத்து மேசையில் இருந்த பெண் எழுந்து வந்தாள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுசை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாள். எண்கள் இருந்த பத்தி மட்டும் நீலமாயிற்று. டெலீட் அழுத்தினாள். அறுபது எண்ணும் காணாமல் போயின.

"டீ வந்துட்ச்சு சார்" என்றாள். அவ்வளவுதான். எதுவும் நடக்காதது போலப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் என்னை சார் என்றதைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

அவள்தான் செல்லியம்மாள். வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஊர். அப்பா வேடியப்பன் மானாவாரியில் சாமை விதைக்கிறவர். மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தாள். கள்ளக்குறிச்சியில் கல்லூரி சேர்ந்தாள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. தினமும் மலையிறங்கி ஏற முடியாமல் இரண்டாம் மாதமே நின்றுவிட்டாள். சென்டருக்குக் கூட்டிப் பெருக்கவும் ஜெராக்ஸ் போடவும்தான் வந்தாள்.

எடிட்டரை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மலைக்குப் போகும் நாலரை மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் காலியான ஒரு ஃபைலைத் திறந்துகொள்வாளாம். முதல் மெனுவில் தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு கட்டளை. அழுத்தி, என்ன ஆகிறது என்று பார்த்து, உரக்கடையில் கொடுத்த பழைய டைரியில் எழுதிக்கொள்வாள். அந்த டைரியை நான் பிற்பாடுதான் படித்தேன். 'சேவ் ஆஸ்: பழசு அப்படியே இருக்கும், புதுசு ஒண்ணு பொறக்கும்.' 'அன்டூ: செஞ்சது செய்யாததா ஆயிடும். ஃபைலை மூடுற வரைக்கும்தான்.' 'ரீப்ளேஸ் ஆல்: நம்மளக் கேக்காம எல்லாத்தையும் மாத்திடும். கீழ ரெண்டு கட்டம் இருக்கு. டிக் போடாம தொடாத.'

நான் சேர்ந்தபோது சென்டரின் பாதிப் பக்கங்கள் அவள் எழுதியவை. நான் சேர்ந்த பிறகு ராஜாங்கம் அண்ணன் எல்லாப் பக்கத்தின் அடியிலும் 'வடிவமைப்பு: அறிவுச்செல்வன், பி.எஸ்சி.' என்று போடச் சொன்னார். அந்த வரியைத் தட்டியவளும் அவளே. நான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

2021 பொங்கல் கழிந்த வாரம். எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம் சூடாக இருந்த நேரம். எங்கள் ஊரில் தினமும் கூட்டம், மனு, மறியல். படித்தவன் என்று மனு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். 'படித்த பிள்ளைகளுக்கு நியாயம் வேண்டும்' என்று தொடங்கும் மனு. எனக்கே படித்துப் படித்துப் புல்லரித்தது.

அந்த வாரம் ஒரு டிரஸ்ட், இலவச நர்சிங் பயிற்சிக்குத் தேர்வான பெண்களின் பட்டியலை வெப் பக்கமாகப் போடக் கொடுத்திருந்தது. எண்பத்துநான்கு பேர். மார்க் ஷீட்டில் இருப்பதுபோல் பெயர் ஆங்கிலத்தில், பக்கத்தில் பிரிவு. எல்லாவற்றையும் செல்லியம்மாள் தட்டி முடித்துவிட்டு, வழக்கம்போல நான்கு மணி சுமாருக்கு அன்றைய தேதியைப் பெயராகப் போட்டு ஒரு நகல் சேமித்தாள்.

"தெனம் இன்னாத்துக்கு ஒரு காப்பி?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"நாளைக்கு மறியல்னு பஸ் வுடலன்னா, எது கடைசின்னு பாத்து நீங்க தொறந்து வேல செய்யணும்ல சார்" என்றாள்.

அன்று அவள் போனபின் டிரஸ்ட்டிலிருந்து போன் வந்தது. எஸ்.டி. என்று ஆங்கிலத்தில் சுருக்கிப் போட்டால் மலையில் இருக்கிற பெற்றோருக்குப் புரியாது, அதை மட்டும் 'பழங்குடியினர்' என்று தமிழில் மாற்றி இன்றைக்கே ஏற்றிவிடுங்கள் என்றார்கள். ஆறு மணிக்கு எனக்கு ஊரில் கூட்டம். ரீப்ளேஸ் பெட்டியைத் திறந்தேன். மேல் கட்டத்தில் எஸ், டி என்று இரண்டு ஆங்கில எழுத்து. கீழ்க் கட்டத்தில் பழங்குடியினர். ரீப்ளேஸ் ஆல்.

'217 இடங்களில் மாற்றப்பட்டது' என்று வந்தது.

பட்டியலில் மலைப் பெண்கள் மொத்தமே முப்பத்தெட்டு பேர். மீதி எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல், ஒரே சொடுக்கில் இருநூறு வேலை முடித்துவிட்ட சந்தோஷத்தில் சேமித்தேன், ஏற்றினேன், மூடினேன், கிளம்பினேன்.

முழுச் சொல்லாக மட்டும் தேடு, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா பார்த்துத் தேடு. அந்த இரண்டு கட்டத்திலும் டிக் போடவில்லை. அந்த இரு எழுத்தும் அடுத்தடுத்து வந்த இடத்திலெல்லாம் பழங்குடியினர் புகுந்துவிட்டார்கள். பக்கத்தின் நிறத்தையும் கட்டங்களையும் தீர்மானிக்கும் கட்டளைச் சொற்கள் உடைந்து பக்கமே அலங்கோலமாகியிருந்தது. அதைக்கூட மன்னித்திருப்பார்கள். கஸ்தூரி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் அதன் நடுவிலும் அந்த இரு எழுத்து உண்டு.

கஸ்தூரி என் பெரியப்பா சின்னராசுவின் மகள். எனக்குத் தங்கை முறை.

காலை ஒன்பது மணிக்கே பெரியப்பா நான்கு பேரோடு சென்டருக்கு வந்துவிட்டார். போனில் பக்கத்தைக் காட்டி, "இன்னாய்யா இது? எம் பொண்ணு பேரு நடுவுல இன்னாத்த எழுதி வெச்சிருக்கீங்க? ஊரே சிரிக்கிது" என்று கத்தினார்.

ராஜாங்கம் அண்ணன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இத யாரு அடிச்சது?"

"ஏன், ஒங்கிட்ட ஒரு மலைக்காரப் பொண்ணு கீதே. அது வேலதான். நம்ம சனம் இதுக்காவத் தெருவுல நின்னுக்கினு கீதுன்னு தெரிஞ்சே நக்கல் பண்ணுது."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, அந்தப் பொண்ணு பண்ண வேலையா?"

திரையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். நான்தான் பெரியப்பா, அவசரத்தில் ஆகிவிட்டது என்றால் முடிந்திருக்கும். ஆனால் லேமினேட் செய்த அந்தச் சான்றிதழ் கண் முன்னால் வந்து நின்றது.

"பாக்கணும்ண்ணே" என்றேன். கொஞ்சம் நிறுத்தி, "இருக்கலாம்" என்றும் சொன்னேன்.

அவள் பதினொரு மணிக்கு வந்தாள். அடிவாரத்தில் மறியல் என்று பஸ்ஸை நிறுத்திவிட, அங்கிருந்து நடந்தே வந்திருந்தாள். முகக்கவசத்துக்கு மேல் நெற்றி முழுக்க வியர்வை. உள்ளே வந்ததும் பெரியப்பா தொடங்கிவிட்டார். அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். கல்யாண வீடுகளில் எனக்கு இலை போட்டு உட்கார வைப்பவர் அவர். அந்த வார்த்தைகளும் அவர் வாயில்தான் இருந்தன.

அவள் திரையைப் பார்த்தாள். ஒரே பார்வை. "டிக் போடாம ரீப்ளேஸ் ஆல் குடுத்துகீறாங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகக்கவசத்தால் கண் மட்டும்தான் தெரிந்தது. நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான் செய்யல சார்" என்றாள் ராஜாங்கம் அண்ணனிடம்.

"பின்ன யாரு? டிகிரி படிச்ச புள்ள செய்யுமா இத?" என்றார் அண்ணன்.

அவள் உட்கார்ந்தாள். முந்தின நாள் நகலைத் திறந்தாள். ரீப்ளேஸ் பெட்டியில் இரண்டு டிக் போட்டாள். 'முப்பத்தெட்டு' என்று வந்தது. புதுப் பெயர் கொடுத்துச் சேமித்து ஏற்றினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கஸ்தூரி கஸ்தூரியானாள்.

அதுதான் அவளுக்கு வினையாயிற்று.

"பாத்தியா?" என்றார் பெரியப்பா. "நல்லதா ஒரு காப்பிய மொதல்லயே எடுத்து வெச்சிக்கினுதான் கெடுத்துகீது. தெரியாமப் பண்ணவங்க காப்பி வெச்சிருப்பாங்களா? திமிரு."

ராஜாங்கம் அண்ணனுக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்று மாலையோடு நின்றுகொள்ளச் சொன்னார். நாலரை பஸ் வரைக்கும் அவள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகும்போது டைரியை மறந்து விட்டுப் போனாள்.

அவள் போனபின் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அவளுடைய நகல் நான்கு ஐந்துக்கு. கெட்டுப்போய் இணையத்தில் ஏறிய ஃபைல் ஐந்து இருபதுக்கு. நாலரைக்கு அவள் பஸ்ஸில். யாராவது அந்த இரண்டு நேரத்தையும் பார்த்திருந்தால் போதும். பார்க்கத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். கெட்டுப்போன ஃபைலை அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அழிக்கவில்லை. அதைப் பெரிய நல்ல குணம் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

பதினொரு நாள் அந்த டைரியைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பன்னிரண்டாம் நாள் ராஜாங்கம் அண்ணனிடம் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "சரி வுடு தம்பி. அதான் போயிட்ச்சே. இத வெளிய சொல்லாத, சென்டருக்குத்தான் கெட்ட பேரு. வேணும்னா வந்து சேரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினேன். நான்கு கிலோமீட்டர் நடந்தேன். களத்தில் சாமையைத் தூற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். டைரியைக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"நீங்கதான்னு அன்னிக்கே தெரியும்ண்ணே" என்றாள். சார் போய்விட்டது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பாங்களா? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். பஸ் வர்ற வரைக்கும்."

நான் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜாங்கம் அண்ணன் திரும்ப வரச் சொன்னதைச் சொன்னேன்.

"வேணாம்ண்ணே. இங்க சிறுதானியச் சங்கத்துல கம்ப்யூட்டர் வாங்கிகீறாங்க. கேட்டுகீறாங்க." முறத்தை எடுத்தவள் நின்றாள். "ஒண்ணு மட்டும் செய்யுங்க. அன்னிக்குப் பேசினாரே ஒருத்தரு. அவருகிட்ட, எத்தினி பேர் எதிருக்கச் சொன்னாரோ அத்தினி பேர் எதிருக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை எங்கள் ஊர் டீக்கடையில் பெரியப்பாவும் அவரோடு வந்த நான்கு பேரும் இருந்தார்கள். சொன்னேன். நான்தான், அவள் இல்லை, நகல் எடுத்தது அவள் தினப் பழக்கம், அவளைப் பழிக்க விட்டு நான் வேடிக்கை பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரியப்பா சிரித்தார். "அட, நீயாடா? இத மொதல்லயே சொல்லக் கூடாது? நம்ம புள்ளதான, தெரியாமப் பண்ணிட்ச்சு." கடைக்காரரிடம் திரும்பி, "தம்பிக்கு ஒரு டீ போடுப்பா" என்றார்.

அன்று மாலை செல்லியம்மாளுக்குப் போன் செய்தேன்.

"எல்லார் எதிருக்கயும் சொன்னீங்களா?"

"சொன்னேன்மா."

"இன்னா சொன்னாரு?"

டீ வாங்கிக் கொடுத்ததைச் சொல்ல வரவில்லை. "ரொம்பத் திட்டினாரு" என்றேன்.

மலையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பிறகு அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஒங்காளு ஒங்களத் திட்டுவாரா? இதையாவது பொய் சொல்லாம சொல்லியிருக்கலாம்ண்ணே."