ரோஸ் அடித்த அறை

பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவரை எல்லோரும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த விரல்நகம் அளவு துண்டைக் கொடுத்தால் போதும், மெஷினைத் தொடாமலே அதே நிறத்தை டப்பாவில் கலக்கித் தருவார். அந்தக் கண்தான் ஒரு தடவை அவரை நட்டாற்றில் விடப் பார்த்தது.

மகளுக்குப் பிறந்த நான்காம் நாளே இதயத்தில் ஆபரேஷன். நுரையீரலுக்கு ரத்தம் போவதற்காகச் சின்னக் குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்.

"உதட்டுல நீலம் கூடுச்சுன்னா யோசிக்காதீங்க, உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

"கலர் பாக்க எனக்கே சொல்லித்தராங்க பாரு" என்று மனைவியிடம் மீசையை முறுக்கினார் மனிதர்.

மகள் வருகிற சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. முன்கூட்டியே அறை முழுக்க ரோஸ் அடித்து வைத்திருந்தார், கூரையைக்கூட விடவில்லை. அங்கே படுத்திருந்த குழந்தையின் உதட்டைக் காலையும் மாலையும் பார்த்தார். நல்ல ரோஸ். அவருக்கு நிம்மதி.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் கடை முதலாளி குழந்தையைப் பார்க்க வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை.

"எனக்குச் சளிப்பா. இங்க கொண்டா, தள்ளி நின்னே பாத்துட்டுப் போறேன்."

வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து பார்த்தார். உதடு நீலம், நகமும் நீலம். உள்ளே ஓடினார், ரோஸ். வெளியே வந்தார், நீலம். சுவரின் சாயல் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏறும் என்று வாடிக்கையாளருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர், சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தார்.

"என்னங்க மரமாட்டம் நிக்கிறீங்க? கிளம்புங்க" என்று மனைவி அதட்டிய பிறகுதான் கால் நகர்ந்தது. முதலாளியே காரை ஓட்டினார்.

குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அன்றே சரிசெய்தார்கள். "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் டாக்டரம்மா. ஒரு வயதில் பெரிய ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. அறைக்குக் கண்ணு வெள்ளை அடித்துவிட்டார்.

இன்றும் முதலாளி தும்மினால் கண்ணு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவார். டாக்டரம்மாவுக்கும் அந்த வெயிலுக்கும் சேர்த்துத்தான்.

போன வாரம், எட்டு வயது மகள் கேட்டாள்: "அப்பா, என் ரூமுக்கு ரோஸ் அடிச்சுத் தாப்பா."

அவர் வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தார். மனைவிதான் சொன்னாள்: "அடிச்சுக் குடுங்க. வருஷத்துக்கு ஒருதடவை வந்தா போதும்னு டாக்டரே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களை வாசலில் பரப்பினார். மகளை வெயிலில் நிறுத்தி, அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்து அதே நிறத்தைக் கலக்கினார்.