ரெண்டு தகரம் கேட்டேன்

சாமியிடம் நான் பெரிதாக எதுவும் கேட்கிறவள் இல்லை. காலையில் தேயிலை மலையில் என் நிரையைப் பிடித்து, முதல் கொழுந்தைக் கிள்ளிப் போடும்போது "மாரியாத்தா" என்று ஒரு தடவை சொல்வேன். அதற்குள் பக்கத்து நிரைக்காரி முந்திவிடுவாள். வேலை நேரத்தில் அதற்குமேல் கும்பிட முடியாது.

அந்த மாசம் மட்டும் ஒரு வேண்டுதலையும் சேர்த்துக்கொண்டேன். தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் லயத்துக் காம்பராவின் கூரைக்கு ரெண்டு தகரம். மூத்த மகளைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள் டீயை வாயில் வைத்த நேரம், மாப்பிள்ளையின் மாமா வழுக்கைத் தலையில் சொட்டு விழுந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டோம். அங்கேயும் ஒரு ஓட்டை. "பொறவு சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள்தான். இப்போது லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இன்னொரு வரன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். இதுவும் கூரையால் கெட்டால் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆபிசில் கேட்டால் "பாப்போம்" என்கிறார்கள். "தாயே, தொரை மனசுல பூந்து ரெண்டு தகரம் தரச் சொல்லு" என்று தினமும் கொழுந்தோடு சேர்த்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது, வருகிறவர்கள் கண்ணால் எங்கள் கூரையைப் பார்த்தேன். காற்றுக்குத் தகரம் பறக்காமல் இருக்க வரிசையாகக் கல். எல்லா லயத்திலும் உள்ளதுதான். ஆனாலும் எனக்கு மானம் போவதுபோல் இருந்தது.

"ஏங்க, அந்தக் கல்லை எல்லாம் எறக்குங்க."

"காத்து மாசம்டி" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டு நாள்தானே. ஆத்தா பாத்துக்குவா."

ஆத்தா பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை மலையில் நிற்கும்போது காற்று வந்தது. எங்கள் கூரையின் மூன்று தகரம் படபடவென்று எழும்பிப் பறந்து, தேயிலைக்குள் விழுந்தன. பக்கத்து நிரைக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, ரெண்டு கேட்டீங்க. ஆத்தா மூணை எடுத்துக்கிட்டா பாருங்க!"

அன்றைக்கு ராத்திரி முழுக்க மழை, விடியத்தான் விட்டது. ஞாயிறு காலையில் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லப் பார்த்தோம். அவர்கள் பஸ்ஸில் பாதி வழி வந்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு வந்து சேர்ந்தபோது, வீட்டுக்காரர் தேயிலைக்குள்ளிருந்து எடுத்து வந்த நெளிந்த தகரத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். முன் அறைக்குள் நல்ல வெயில். மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"ஏண்ணே, கல்லு வைக்கலியா?"

வீட்டுக்காரர் தாடையால் என்னைக் காட்டினார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். வந்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்க கூரையில பதினாறு கல்லு. நீங்க வீடு பாக்க வருவீங்கன்னு எங்க வீட்டம்மாவும் நேத்துதான் எறக்கச் சொன்னா. நான் கேக்கல." பிறகு மகனைப் பார்த்து, "என்னடா நிக்கிற? ஏறு!"

மாப்பிள்ளை புதுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பெரியவர்கள் இருவரும் தகரத்தைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்கள். பக்கத்துக் காம்பராவிலிருந்து தாரும் வந்தது. மகள் சேலை கட்டி, டீத்தட்டோடு முன் அறைக்கு வந்தாள். அங்கே மாப்பிள்ளை இல்லை. மேலேயிருந்து ஒரு குரல்தான்.

"அந்த ஆணி டப்பாவக் கொஞ்சம் குடுங்க."

தட்டை வைத்துவிட்டு, டப்பாவைக் கையில் எடுத்து அண்ணாந்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சுத்தியல் சத்தமே இல்லை.

"டேய், என்னடா பண்ற?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆணி தேடுறேம்மா."

"ஆணி அவ கையில இருக்கு!"

மத்தியானத்துக்குள் மூன்று தகரமும் ஏறின. எத்தனையோ வருசத்து ஓட்டைகளும் தார் வைத்து அடைபட்டன. தொரை மனசுக்குள் போகச் சொன்னேன். ஆத்தா வேறு ஆள் மனசுக்குள் போயிருக்கிறாள். சாப்பிட்டு எழும்பும்போதே அந்த அம்மா, "எங்களுக்குச் சம்மதம். பிள்ளையைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அவர்கள் போனதும் மகளைக் கேட்டேன். "புடிச்சிருக்காடி?"

"அவரு மேலருந்து என்னைய நல்லா பாத்தாரு. எனக்கு வெயில் கண்ணுல அடிச்சிச்சு."

"கீழ எறங்கின பெறகு பாத்தியா?"

"மூஞ்சியெல்லாம் தாரு."

"அப்ப என்னதான் சொல்ற?"

கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கழுவிட்டு இன்னொரு தடவை வரச் சொல்லுங்க."