லிஃப்ட் மெக்கானிக்கின் சிவப்பு ஸ்விட்ச்

கம்பெனியில் அவரை 'ரெண்டு தடவை' என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்க்கப் போனால் மெயினை அணைப்பார், நாலு எட்டு வைப்பார், திரும்பி வந்து அணைத்தது அணைந்துதான் இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் பாலைக் காய்ச்சி இறக்கினாலும் அடுப்புக்கு இதே மரியாதைதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. இருபத்து நாலு வயதில், கூட வேலை பார்த்த மேஸ்திரியின் வலது கை லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். எவனோ ஒரு புண்ணியவான், அவசர வேலைக்கென்று ஸ்டாப் ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் துண்டுக் கம்பியால் இணைத்து வைத்திருந்தான். மேஸ்திரி ஸ்விட்சை அமுக்கினார், அமுக்கினார், லிஃப்ட் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷமாகியும் அந்த அலறல் அவர் காதை விட்டுப் போகவில்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டுக்குள்ளேயே ஒரு மெஷினைக் கட்ட உட்கார்ந்ததற்குக் காரணம் மனைவி. அவள் தையல்காரி. கேட்ட அளவில் மரப் பொத்தான் எங்கேயும் கிடைப்பதில்லை என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் சொல்கிற இடத்துக்கெல்லாம் நகர்ந்து மரத்தைக் குடைகிற சின்ன சிஎன்சி ஒன்று முளைக்கத் தொடங்கியது. சட்டம், மோட்டார், திருகுத் தண்டு எல்லாம் மூன்று மாதத்தில் முடிந்தன. அதை ஆட்டி வைக்கிற மூளையைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஏழு மாதம் ஆனது.

மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவருக்கு எல்லாமே அல்வா.

"மாமா, இந்தச் சின்ன போர்டு போதும். யுஎஸ்பில சொருகுங்க, ஓசில கிடைக்கிற சாஃப்ட்வேரப் போடுங்க, முடிஞ்சுது கதை."

"நடுவுல கம்ப்யூட்டர் தூங்கிருச்சுன்னா?"

"எழுப்புங்க."

"எழும்போது அது என்ன பண்ணும்?"

"விட்ட இடத்துலேர்ந்து வேலையத் தொடரும். வேற என்ன, காப்பியா கேக்கும்?"

அவர் அந்த போர்டை ஒதுக்கி வைத்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பிரின்டர் ஒயரைச் சொருகி நேரடியாக ஓட்டலாம்தான். ஆனால் அது வேறு ஏதாவது யோசிக்கிற நேரத்தில் மோட்டார் தாளம் தப்பிவிடும். கம்ப்யூட்டரே வேண்டாம் என்கிற, சொந்தத் திரையுள்ள பெட்டியும் இருந்தது. அதன் கையேட்டில் ஒரு எழுத்துகூட அவருக்குப் புரியவில்லை. புரியாததை நம்பி வீட்டில் யார் கத்தியைச் சுழல விடுவார்? அதுவா இதுவா என்று ஏழு மாதம் யோசித்தவர், கடைசியில் மச்சான் சொன்ன போர்டையே வாங்கினார்.

அவசரத்துக்கு மெஷினை நிறுத்துகிற சிவப்பு ஸ்விட்சை மட்டும் தன் தொழில் முறைப்படி இணைத்தார். லிஃப்டில் எல்லாம் நலமாக இருந்தால்தான் ஸ்டாப் ஸ்விட்சின் கம்பியில் மின்சாரம் ஓடும். ஸ்விட்சை அமுக்கினாலும் சரி, கம்பியே அறுந்தாலும் சரி, ஓட்டம் நின்று லிஃப்டும் நின்றுவிடும். அதே போல இங்கேயும் செய்தார். ஆனால் மோட்டாரின் இரைச்சல் கம்பியில் ஏறி, யாரும் அமுக்காமலே மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திடுக்கிட்டு நின்றது.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கு! இலை அசைஞ்சா போதும், நின்னுடுது."

ஊரே கேலி செய்தபோது வலிக்காதது அன்றைக்குச் சுருக்கென்று குத்தியது. மறுநாள் மச்சானிடம் யோசனை கேட்டு ஸ்விட்சைத் தலைகீழாக மாற்றினார். இனி அமுக்கினால்தான் மின்சாரம் ஓடும், போர்டு அதைக் கவனித்து நிறுத்தும். கம்பி கழன்றால் போர்டுக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்தேதான் செய்தார். மெஷின் சமர்த்தாக ஓடியது, அவருக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒவ்வொரு வரிசைப் பொத்தான் முடிந்ததும் கத்தி சுழல்வது நிற்கும், இரண்டு மூச்சு கழித்து அடுத்த வரிசையில் தொடங்கும். அன்று கத்தி நின்றது, தொடங்கவில்லை. கம்ப்யூட்டர் திரை அப்படியே உறைந்திருந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கும்போதே, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து மனைவி பிரஷோடு வந்து, தூளைத் தட்டக் கத்திக்கு அடியில் கையை நீட்டினாள்.

திரை அசைந்தது.

கையை எடு என்று கத்த வாய் திறந்தார். கத்தி வீறிட்டுச் சுழன்று இறங்கியது. சிவப்பு ஸ்விட்சை அமுக்கினார். நிற்கவில்லை. மறுபடி அமுக்கினார். அதுபாட்டுக்குப் போனது. மேஸ்திரியின் அலறல் காதுக்குள் கேட்டது. சுவருக்குப் பாய்ந்து பிளக்கை ஒயரோடு பிடுங்கினார்.

கத்தி முனகி அடங்கியது. பிரஷின் மரப்பிடி பாதி காணாமல் போயிருந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பத்து. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினார். மெஷினுக்குப் பின்னால் ஸ்விட்சிலிருந்து கழன்ற கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

"தப்பு என்னுதுதான்," என்றார். "நீ சிரிச்சேன்னு மாத்திட்டேன். நான் இவ்வளவு பயந்து சாகாம இருந்திருந்தா நீ சிரிச்சிருக்கவும் மாட்டே..."

அவளுக்கும் உதடு வெளுத்திருந்தது. பாதிப் பிடி போன பிரஷைக் கீழே வைத்தாள்.

"மத்தவங்க மெஷின்னா நான் கிட்டயே போயிருக்க மாட்டேன்," என்றாள். "நீங்க பயப்படுற ஆளு, ரெண்டு தடவ பாத்திருப்பீங்கன்னுதான் தைரியமா கைய வச்சேன்."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சிவப்பு ஸ்விட்சைப் போர்டிலிருந்து கழற்றி, அமுக்கினால் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தையே துண்டிக்கிற மாதிரி இணைக்கத் தொடங்கினார். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முடித்து எழுந்தபோது, "இன்னொரு தடவ பாருங்க," என்றாள்.