சங்கச் சுவரில் யார் பெயர்?

இலங்கையின் புளத்கொகுபிட்டியக் கடைத்தெருவில் நாகலிங்கம் எழுதாத பெயர்ப்பலகை கிடையாது. தமிழோ சிங்களமோ, எழுத்து முத்துமுத்தாக விழும். ஆனால் மனுஷர் சும்மா எழுதித் தர மாட்டார். எழுதச் சொன்னவரைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்ட பிறகுதான் பிரஷைத் தொடுவார்.

1973 மே தினத்துக்குத் தொழிற்சங்கக் கட்டடச் சுவரில் எழுத அவரைப் பிடித்தார்கள். சுற்றுவட்டார ரப்பர் தோட்டமெல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் வாசகம்: "மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுறீங்க. எங்கள மட்டும் ஏன் தெனமும் வெட்டுறீங்க?" ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வா என்ற தோட்டத்துரையிடம், வேலைநிறுத்தக் கூட்டத்தில் சங்கத்தின் கொழும்புத் தலைவர் கேட்டதாம். கீழே அவர் பெயரைப் போட வேண்டும்.

பெயருக்கு வந்ததும் நாகலிங்கத்தின் கை நின்றுவிட்டது. தலைவர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ரப்பர் மரத்துக்கு ஒருநாள் ஓய்வு கொடுப்பது அவருக்கு எப்படி வாயில் வந்தது? இது பால்வெட்டுக் கத்தி பிடித்தவர் பேச்சு! நாகலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெயின்ட் டப்பாவை மூடிவிட்டு, வேலைநிறுத்தம் நடந்த தோட்டத்துக்கு பஸ் ஏறினார்.

அந்தத் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஐயாவு விழுந்து விழுந்து சிரித்தார். கொழும்புத் தலைவர் அன்றைக்கு வரவே இல்லையாம். பிறகுதான் மேடைக்கு மேடை அதைச் சொன்னாராம். "துரைக்கு முன்னால கத்துனது நான்தாங்க. ஆனா பேச்சு என்னோடது இல்ல" என்றார்.

அங்கே கூட்டமென்றால் பெண்கள் பின்வரிசை. அவர்கள் சொல்வதைத் தோட்டத் தலைவர் துரை காதில் விழும்படி உரக்கத் திருப்பிச் சொல்வது வழக்கம். அன்றைக்கும் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது, ஐயாவு அதையே கத்தினார். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

நாகலிங்கத்துக்கு அது போதும். பால் நிறுக்கும் இடத்தில் வாளிகளோடு நின்ற பெண்களிடம் ஓடினார். கேட்டு முடிப்பதற்குள் அத்தனை கையும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லயத்து வீட்டைக் காட்டின. மூக்காயி! சந்தோஷத்தில் துள்ளியவரை அடுத்த பேச்சு உலுக்கிவிட்டது. இரு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்களில் அவளும் ஒருத்தி; நாளைக்குக் காலையில் லொறி ஏறுகிறாள்.

மூக்காயி சட்டிபானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஆமாம், நான்தான் சொன்னேன், அதற்கு இப்போது என்ன என்றாள். உன் பெயரைச் சங்கச் சுவரில் எழுதப் போகிறேன் என்று இவர் மூச்சு வாங்கச் சொன்னார்.

"நான் போன பொறகு எம்பேரு இங்க எதுக்குங்க?"

நாகலிங்கம் விடவில்லை. லொறி கடைத்தெரு வழியாகத்தான் போகும், ஒரு நிமிஷம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போ என்று கெஞ்சினார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நாகலிங்கம் மூக்காயியின் பெயரை எழுதினார். தலைவர் பெயர் எங்கே என்று சங்கக்காரர்கள் எகிறிக்கொண்டிருக்கும்போதே லொறி வந்து நின்றது. வழியனுப்பக் கூடவே வந்த ஐயாவு குதித்திறங்கி, அன்றைக்கு நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னார். எகிறியவர்கள் அடங்கிப்போனார்கள்.

மூக்காயிக்குப் படிக்கத் தெரியாது. எது என் பேர் என்று கேட்டாள். நாகலிங்கம் தொட்டுக் காட்டினார். அவள் ஈரப் பெயின்டில் பெருவிரலைத் தோய்த்து, பெயருக்குக் கீழே சுவரில் அழுத்தினாள்.

"நாட்ட விட்டுப் போறேன்னுதான் இதுவரைக்கும் எல்லாக் காகிதத்துலயும் கைநாட்டு வச்சேன். இது ஒன்னு இங்கயே இருக்கட்டுங்க."