சித்தப்பா கடிக்காத சொசேஜ்

வெளிநாட்டிலிருந்து ஒருவர் பெட்டியோடு வந்தால் எங்கள் ஊர் சந்தோஷப்படும். ஆறு மாதமாகியும் அவர் திரும்பிப் போகாவிட்டால் சந்தேகப்படும். அப்பாவின் தம்பி ஜெர்மனியிலிருந்து வந்து, போகாமல் நின்றார். போதாக்குறைக்கு முல்லைத்தீவுக் கடற்கரையில் தள்ளுவண்டி போட்டு, எங்கள் ஊரில் பணிஸ் என்கிற நீட்டுப் பன்னுக்குள் சொசேஜ் வைத்து விற்கத் தொடங்கினார். வியாபாரம் ஓடினால் எங்களோடு இருப்பது, இல்லாவிட்டால் கொழும்புக்கு வேலைக்குப் போவது என்பது அவருடைய திட்டம். அவர் போய்விடக் கூடாதே என்று அம்மா தவித்தார். அப்பா காணாமற்போய் நாலு வருடமாகியிருந்தது. வீட்டில் அம்மாவும் நானும்தான்.

எனக்கு ஒன்பது வயது. ஊருக்கு இருந்த சந்தேகமெல்லாம் எனக்கும் இருந்தது. மீனென்றால் என்ன மீன் என்று பார்த்தே சொல்லலாம். இந்தச் சிவப்புக் குழாய்க்குள் என்ன கிடக்கிறதென்று யார் கண்டது?

சித்தப்பா கேட்டவர்களுக்கெல்லாம் சொசேஜின் சரித்திரத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் குளிர் தேசத்துச் சனம் பன்றியை வெட்டினால் ஒரு துண்டும் வீணாக்காதாம். மிஞ்சியதைக் கொத்தி, உப்புப் போட்டு, கழுவிய குடலுக்குள் அடைத்துப் புகையில் தொங்கவிடுமாம். “நாங்கள் கருவாடு போடுறேல்லையோ? அது மாதிரித்தான்” என்று முடிப்பார். சனம் கருவாட்டை விட்டுவிட்டுக் குடலைப் பிடித்துக்கொண்டது. தான் விற்பது கோழி, தோலும் குடல் இல்லை என்று அவர் பிறகு சொன்னது எடுபடவில்லை.

நான் துப்பறிய வெளிக்கிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் வண்டிக்குப் பக்கத்தில் குந்திவிடுவேன். ஒரு கிழமையில் விஷயம் பிடிபட்டது. பசித்தால் சித்தப்பா வெறும் பணிசுக்குள் வெங்காயம் வைத்துச் சாப்பிடுவார். சொசேஜைத் தொடவே மாட்டார். ஏனென்று கேட்டேன்.

“எனக்கு ஒத்துவராது பிள்ளை” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த மாதம் பக்கத்து வீட்டு மாமியின் மகனுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க, மாமி பெரிய மனதுபண்ணி அறுபது பணிஸ் சொல்லியிருந்தார். ஊர் ஒருமுறை ருசி பார்த்துவிட்டால் தப்பினேன் என்று சித்தப்பா விடிய எழும்பி வேலை செய்தார். பந்தலுக்குள் தட்டு வந்ததும் நான் மாமியின் காதில் விஷயத்தைப் போட்டேன்.

மாமி தட்டை அப்படியே அவர் முன்னால் நீட்டினார். “தம்பி, குறை நினைக்காதேயும். முதல் நீர் ஒண்டைக் கடியும் பாப்பம்.”

சித்தப்பா ஒன்றை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“என்னால ஏலாது அக்கா” என்றார் மாமியிடம்.

அறுபதும் வீட்டுக்குத் திரும்பி வந்தன. அதன்பிறகு வண்டிப்பக்கம் ஒரு நாய்கூட வரவில்லை. அடுத்த கிழமை அவர் கொழும்புக்கு பஸ் ஏறினார். அம்மா அழுதார். எனக்கோ ஊரைக் காப்பாற்றிய பெருமை.

அப்பா வராமலே இருபது வருடம் ஓடிவிட்டது. போன வருடம் பாலன் பிறந்த நத்தாருக்குச் சித்தப்பா வந்திருந்தார். இறைச்சி ஒத்துவராதவர் என்று அம்மா அவருக்கு மட்டும் மீன் பொரித்து வைத்தார். அவர் கோழிக்கறிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

“அண்ணா வருமட்டும் இறைச்சி தொடமாட்டனெண்டு மாதாவுக்கு நேர்ந்தனான், அண்ணி. நேர்த்தியை வெளியில சொன்னால் பலிக்காதெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அம்மா பொரித்த மீனை எடுத்து அப்பால் வைத்தார். பிறகு சித்தப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் தானே ஒரு துண்டு கோழி வைத்தார்.

அந்தப் பந்தலில் ஒரு கடி கடித்திருந்தால் அவர் எங்களோடு இருந்திருப்பார். என் அப்பா வரவேண்டுமென்றுதான் கடிக்காமல் விட்டார் என்பது எனக்கு அன்று தெரியாது.