பனியன் போட்ட மாப்பிள்ளை

சந்தேகம் என் பிறவிக்குணம். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நான் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். அப்படிப்பட்ட என்னிடம், என் மகளின் கல்யாணம் நெருங்கி நிற்கும்போது, கனடாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னான்:

"மாமி, இங்க நாடு பூரா பனிப்புயல் வரப்போகுதாம். ஃப்ளைட் எல்லாம் கேன்சல். நான் சொன்ன நாளைக்கு வர முடியாது போல."

சொன்னவன் பனியனோடு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம்.

எங்கள் ஊரில் ஜனவரிக் குளிர் என்றால் ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைப்போம். அதற்கே என் வீட்டுக்காரர் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டுதான் பிராட்வேயில் இருக்கும் குடைக்கடையைத் திறக்கப் போவார். நாடே உறையப் போகிறது என்பவன் பனியனில் ஐஸ்கிரீம் தின்கிறான். அங்கே ஒருத்தி இருக்கிறாள், இவன் நழுவப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே, "டிவியிலயும் அதத்தானே சொல்றான்" என்றார். நானும் பார்த்தேன். வரைபடத்தில் பாதி நாடு வெள்ளையாகக் கிடந்தது. புயல் எதிர்பார்க்கப்படுகிறதாம். இன்னும் வராத புயலுக்கு இன்றைக்கே எதற்கு விமானத்தை நிறுத்த வேண்டும்? இடப்பள்ளி வரை வீடு வீடாக ஏறி இறங்கிக் கல்யாணத்துக்கு அழைத்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வராமல் போனால் ஊர் என் மகளைத்தானே பேசும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

என் மகளோ பொழுதுக்கும் ஃபோனில் அந்த நாட்டு வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவன்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்கு நெஞ்சு உருகியது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, காலை ஆப்பத்துக்கு மாவைக்கூட ஊற்றாமல் நானே கூப்பிட்டேன். மகள் ஃபோனைப் பிடித்திருந்தாள். அன்றைக்கும் பனியன்தான்.

"தம்பி, குளிர் எங்கே, நான் பாக்கணும்" என்றேன்.

அவன் சிரித்தான். "வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடுது மாமி. வேர்த்துக் கொட்டுது" என்று சொல்லி, கோட்டு மாட்டிக்கொண்டு வாசல் கதவைத் திறந்தான். காற்று ஊளையிட்டது. கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவன் புருவமெல்லாம் வெள்ளை. வீட்டுக்குள்ளே சூடு வைத்துக்கொள்வார்கள் என்று கொச்சிக்காரிக்கு எப்படித் தெரியும்?

"நல்ல சேதி மாமி. வேற ஃப்ளைட் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை ஏறிடுவேன். கல்யாணத்துக்கு முந்தின நாளே அங்க இருப்பேன்" என்றான்.

என் வீட்டுக்காரர் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். ஃபோனை வைத்ததும் எனக்கு உடம்பே லேசானது. அப்போதுதான் மகள் மெல்லக் கேட்டாள்:

"அம்மா, வியாழக்கிழமை அங்க இன்னொரு புயல் வருமாம். இதவிடப் பெரிசாம். அப்பவும் நிறுத்துவாங்கல்ல?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் மழை கொட்டும் காலைகளில், கலெக்டர் லீவு விடுவாரா என்று இதே குரலில்தான் கேட்பாள். பரீட்சைக்குப் படிக்காத நாளில் மட்டும்தான் கேட்பாள்.

அடுப்பை அணைத்தேன். "மோளே, உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா?"

அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அவர்கிட்ட குளிர் எங்கேன்னு கூடக் கேட்டீங்க. எங்கிட்ட இப்பத்தானே கேக்குறீங்க" என்றாள்.

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மப்ளரைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். அந்தப் பிள்ளை விமானம் ஏறுவதற்குள் சொல்லியாக வேண்டும். நான் மறுபடி ஃபோனை எடுத்தேன்.