ஒரு பம்பு போதும்

இந்தியானா மாநிலத்து மன்சி ஊரில் பழைய வண்டிப் பைத்தியம் பிடித்தவன் எவனாக இருந்தாலும், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற பம்பு வாங்குவதற்கு முன்னால் வெண்டல் க்ரீகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவான். ரேஸ் சாமான் விற்கிற கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஆள் வெண்டல். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வாய் மட்டும் இளசு.

"எத்தனை குதிரை சக்தி? டர்போ இருக்கா? பெட்ரோலா, சோளமா?" என்று கேட்பான். இந்தியானாவில் சோளத்துக்கா பஞ்சம்? சோளத்திலிருந்து வடிக்கிற எத்தனால் பங்க்கிலேயே கிடைக்கிறது, பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். மாறினால் இன்ஜின் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் குடிக்கும். இது தெரியாமல் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை நம்பி வாங்கிப் போய் இன்ஜினைக் கொன்றவர்கள் உண்டு.

"பெட்டி மேல போட்டிருக்கறது பம்பு சும்மா ஊத்தற கணக்குய்யா! டர்போ காத்தை அடைச்சு எதிர்த்து அமுக்கும்போது அது அவ்வளவு ஊத்துமா? உன் மூஞ்சில ஒருத்தன் கையை வெச்சு அமுக்கினா நீ எவ்வளவு பேசுவே?" என்று கத்துவான். திட்டு வாங்கியவனும் சிரித்துக்கொண்டே அவன் சொன்ன பம்பை வாங்கிப் போவான்.

பம்பு விஷயத்தில் இத்தனை தெளிவு. சொந்த விஷயத்தில் கேட்காதீர்கள். ரஸ் என்று ஒரு பெயர் காதில் விழுந்தால் போதும், அடி வயிற்றில் பச்சை மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி ஆகிவிடும்.

ரஸ் கூரை போடுகிற காண்டிராக்டர். வெண்டலை விட்டுப் பிரிந்து போன மனைவி மார்லா கட்டிக்கொண்டது அவனைத்தான். மார்லா போனதில்கூட வெண்டலுக்கு அத்தனை எரிச்சல் இல்லை. இருவரும் ஒரு கூரையின் கீழ் நாயும் பூனையுமாக இருந்தவர்கள், போனது நல்லதாகப் போயிற்று. எரிச்சலெல்லாம் மகள் லேசியால். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண், இருபத்தைந்து வயது. சனிக்கிழமை ஆனால் ரஸ் வீட்டு ஷெட்டுக்குப் போய்விடுவாள். துருப்பிடித்துக் கிடந்த ஒரு எழுபதாம் வருஷத்து செவெல் காரை இருவருமாகச் சேர்ந்து பிரித்து, தேய்த்து, ஆயிரம் குதிரை இன்ஜின் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடையில் வியாபாரம் சூடு பிடிக்கிறதே சனிக்கிழமைதான், வெண்டல் எங்கே போக?

பால் வாங்கப் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெண்டல் அந்தத் தெரு வழியாக வண்டியை ஓட்டுவான். பால் அவன் வீட்டு முக்கிலேயே கிடைக்கும். ரஸ்ஸின் ஷெட் திறந்திருக்கும். காருக்கு அடியிலிருந்து நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டில் ஆஸ்பத்திரி வெள்ளை ஷூ. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு. காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! வெண்டல் பால் வாங்காமலே வீட்டுக்குப் போவான். அன்றைக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேசி அப்பாவோடு சாப்பிட வருவாள். தட்டை மீறி நீட்டிக்கொண்டிருக்கிற பன்றி வறுவல் சாண்ட்விச்சை இருவரும் பிய்த்துத் தின்பார்கள். "ரஸ் சொன்னாரு" என்று ஆரம்பிப்பாள். "ரஸ் சொன்னாரு, பின் அச்சை மாத்தணுமாம். ரஸ் சொன்னாரு, பெயின்டு அப்புறமாம்." ரஸ் சொன்னாரு, ரஸ் சொன்னாரு! வெண்டல் வெள்ளரி ஊறுகாய்த் துண்டை நறுக்கென்று கடிப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை லேசி கடைக்கே வந்து நின்றாள். முதுகில் 'ரஸ் & லேசி ரேசிங்' என்று அச்சடித்த சட்டை. வெண்டல் அதைப் படித்தான். பெற்றவன் பெயருக்கு அந்த முதுகில் இடமில்லை.

"அப்பா, ஒரு விஷயம் கேக்கணும். பம்பு."

"அதுக்குத்தானே நிக்கறேன். கேளு கண்ணு."

"ஆயிரம் குதிரை, டர்போ, சோளம். ரஸ் ராத்திரி உக்காந்து ஒரு கணக்குப் போட்டாரு."

"ஓ! ஐயா கணக்கெல்லாம் போடறாரா? கூரைக்கு ஆணி எண்ணற கணக்கா?"

"அப்பா!"

"சரி சரி. என்ன சொல்றாரு துரை?"

"ஒரு பம்பு தாங்காதாம். ரெண்டு சேர்த்துப் போடணுங்கறாரு."

சரியான பதில். அட்சரம் பிசகாத பதில். வெண்டலே அதைத்தான் சொல்லியிருப்பான். மகளை எடுத்துக்கொண்டான், அவள் சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டான், இந்த ஒரு பம்பையாவது எனக்கென்று விட்டு வைத்தானா பாவி என்று நெஞ்சு கொதித்தது. கொதித்த வேகத்தில் வாய் திறந்துவிட்டது.

"ரெண்டா? எதுக்கு? ஒண்ணு போதும்."

"நெஜமாவா?"

"இத்தனை வருஷமா இங்க என்ன கத்தரிக்காயா விக்கறேன்? ஒண்ணு போதும்னா போதும்."

லேசியின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேன்ல! எங்கப்பாவைக் கேக்காம எதையும் வாங்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னேன்." அந்த முகத்தைப் பார்த்த பிறகு வார்த்தையைத் திரும்ப எடுக்க வெண்டலுக்கு மனம் வரவில்லை. பம்பை எடுத்துக் கொடுத்தான். "சனிக்கிழமை ரேஸுக்கு வாப்பா. ஒரு சங்கதி இருக்கு" என்றாள். கடை இருக்கிறதே என்றான். "உனக்கு எப்பவும் கடைதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெரியாமல் செய்தான் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஊருக்குள் மெல்ல ஓட்டினால் ஒன்றும் தெரியாது, முழுசாக மிதிக்கும்போதுதான் பம்பு ஈடு கொடுக்காமல் போகும், உள்ளே சூடேறி ஒரு பிஸ்டனாவது உருகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். உருகட்டுமே! ஊர் பார்க்க ரஸ் புகை கக்கிக்கொண்டு நிற்கட்டும். அந்த வாரம் முழுக்க வெண்டல் அதை நினைத்து நினைத்துப் பார்த்தான். கொஞ்சம் குளுகுளுவென்றுகூட இருந்தது.

சனிக்கிழமை சோளக்காட்டு ஹார்லன் கடைக்கு வந்தார். "என்னய்யா, நீ இங்க நிக்கறே? உன் பொண்ணு இன்னிக்கு மொத தடவையா ஓட்டறா, பாக்கப் போகல?"

"எதை ஓட்டறா?"

"அந்த செவெல்லைத்தான். ரஸ் ஸ்டியரிங்கை அவகிட்டயே குடுத்துட்டான். உனக்குத் தெரியாதா?"

பிஸ்டன் உருகினால் ஆயில் கொட்டும். கொட்டுகிற ஆயில் சொந்த டயருக்கு அடியிலேயே போகும். அதற்குப் பிறகு அந்த வேகத்தில் வண்டி யார் சொல்லும் கேட்காது, ஓடுபாதைக்கு இரண்டு பக்கமும் சுவர். முதலாளி பின்னால் கத்தக் கத்த வெண்டல் கவுண்டரைத் தாண்டி ஓடினான். போன் போட்டான், ஹெல்மெட் போட்டுக்கொண்டவள் போனை எடுப்பாளா? வழியில் சிவப்பு விளக்கு எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

ரேஸ் மைதானத்தில், புறப்படக் காத்திருக்கிற வரிசையில் செவெல் இரண்டாவதாக நின்றது. வெண்டல் ஓடிப்போய் அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். உள்ளே பெல்ட்டுகளுக்குள் உட்கார்ந்திருந்த லேசி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியாப்பா! ரஸ், பாத்தீங்களா, எங்கப்பா வந்துட்டாரு!"

"இன்ஜினை நிறுத்து. ஓட்டாதே. ஒரு பம்பு பத்தாது."

சிரிப்பு அப்படியே நின்றது. இன்ஜினையும் நிறுத்தினாள். ரஸ் பக்கத்தில் வந்தான், நெற்றியில் கறுப்பு மசி. "ரெண்டு வேணும்னுதான் நானும் சொன்னேன் வெண்டல். இவ கேட்டாத்தானே? எங்கப்பா சொன்னா அது வேதம்னு என்கிட்ட நாலு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல. நான் என்ன பண்ணுவேன்? என்னிக்காவது நான் சொல்றது உன் பேச்சுக்கு முன்னால எடுபட்டிருக்கா?"

இவ்வளவு நாளும் பால் வாங்குகிற சாக்கில் வெண்டல் அந்தத் தெருவைச் சுற்றினானே, இது ஒரு நாளும் அவனுக்குத் தோன்றவில்லை.

"கணக்குத் தப்பிப் போச்சாப்பா?" என்று லேசி கேட்டாள். தப்பிப் போச்சு என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற குரல்.

ரஸ்ஸும், பாவம், அவன் உதவிக்கு வந்தான். "விடும்மா, தப்பு யாருக்குத்தான் வராது? நல்ல வேளையா ஓடி வந்து சொன்னாரு."

ரஸ் பரிந்து பேசி, ரஸ் மன்னித்து, ரஸ் தயவில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு நிற்பதா? அதுவும் எரிந்தது, அந்த நேரத்திலும் எரிந்தது. ஆனால் மகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்குத் தப்பல" என்றான் வெண்டல். "தெரிஞ்சேதான் சொன்னேன். நீ ஓட்டுவேன்னு தெரியாது. ரஸ் ஓட்டுவான்னு நெனச்சேன்."

லேசி பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, "ரஸ், வரிசையை விட்டு வெளிய தள்ளிடலாம். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். வெண்டலும் பின்னால் போய் டிக்கியில் கையை வைத்தான்.

"நீ விடுப்பா" என்றாள் லேசி. "நாங்க பாத்துக்கறோம்."

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்து நின்றவன் ஹாரன் அடித்தான். வெண்டல் வழியை விட்டு ஓரமாக நகர்ந்து நின்றான்.